நீலம் பூசப்பட்ட சேற்றுவெளி: கடலோர வரைபடங்களின் வர்க்க அரசியல்

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் வாத்வன் துறைமுகத்திற்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். திட்ட மதிப்பீடு 76,220 கோடி ரூபாய். இதற்காக 1,448 ஹெக்டேர் கடற்பரப்பு தூர்க்கப்படவிருக்கிறது. எதிர்த்துப் போராடும் மீனவ மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: கடலைத்தானே தூர்க்கிறோம், யாருடைய நிலத்தையும் எடுக்கவில்லையே, பிறகு யாருக்கு என்ன இழப்பு?

இந்தப் பதில் நேர்மையானதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் வரைபடம். கைப்பேசியில் எவரும் அந்தக் கரையைத் திறந்து பார்க்கலாம். ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் நீலம். நீலத்திற்குள் ஊர்ப்பெயர் இல்லை, பாதை இல்லை, ஆள் இல்லை. ஆனால் வாத்வன் கரையில் நீர் வற்றும்போது பாறைத்தளம் வெளிப்படுகிறது. நண்டும் சிப்பியும் சிறுமீனும் அங்கே கிடைக்கின்றன; கூடையோடு நடந்துபோய் எடுத்துவருபவர்களுக்கு அது அன்றாட வருமானம். நாளுக்கு இருமுறை நிலமாகவும் இருமுறை கடலாகவும் மாறுகிற அந்த இடத்திற்கு நம் கைப்பேசி வரைபடங்களில் நிறமே இல்லை. நிறமில்லாததற்குப் பெயரில்லை, பெயரில்லாததற்கு உரிமையும் இல்லை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்குள் நீர்நிலைகளை நம்பி வாழும் மீனவரையும் படகோட்டிகளையும் சேர்த்திருக்கிறது. நிலவுடைமை இல்லாதவர்களுக்கும் மறுவாழ்வு வேண்டும் என்று நடந்த நீண்ட போராட்டத்தின் பலன் அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, நிலம் கையகப்படுத்தப்பட்டால்தான் உயிர்பெறும். தூர்க்கப்படுவது கடல் என்று எழுதிவிட்டால் கையகப்படுத்தல் இல்லை. கையகப்படுத்தல் இல்லையென்றால் பாதிக்கப்பட்ட குடும்பமும் இல்லை. ஒரு வண்ணத்தேர்வு எத்தனை குடும்பங்களைச் சட்டத்திற்கு வெளியே தள்ளிவிடுகிறது!

குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் இந்த அநீதி இன்னும் பெரிய அளவில் நடந்தேறியது. அங்கே ‘பகடியா’ என்று அழைக்கப்படும் மீனவர்கள் இருக்கிறார்கள். படகு இல்லாதவர்கள், நடந்தே சென்று மீன்பிடிப்பவர்கள் என்பதுதான் பெயரின் பொருள். நீர் வற்றும் நேரத்தில் சேற்றுவெளியில் நடந்துபோய்க் கம்பு ஊன்றி வலை கட்டுவார்கள். ஓதம் ஏறி இறங்கும். மறுபடி நடந்துபோய், வலையில் தங்கியதை எடுத்துவருவார்கள். ஓதம் என்று நம் பழந்தமிழ் குறிப்பது இந்தக் கடல் ஏற்ற வற்றத்தைத்தான். கட்ச் வளைகுடாவின் உட்புறத்தில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான உயர வேறுபாடு ஏழு மீட்டர் வரை போகும். கரை மிகத் தட்டையானது. ஆகவே நீர் விலகும்போது கிலோமீட்டர் கணக்கில் சேற்றுவெளி திறந்துகொள்கிறது. ஆண்டில் எட்டு, ஒன்பது மாதங்கள் இந்த மக்கள் ‘பந்தர்’ எனப்படும் கரையோரத் தற்காலிகக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மழைக்காலத்தில் ஊர் திரும்புகிறார்கள். நிரந்தரக் கட்டடம் இல்லாததால் குடியிருப்பும் வரைபடத்தில் இல்லை, வேலை செய்யும் இடம் நீலமாக இருப்பதால் அதுவும் வரைபடத்தில் இல்லை. அதே வளைகுடாவில் காராய் எனப்படும் ஒட்டக இனம் நீந்திச் சென்று அலையாத்தித் திட்டுகளில் மேய்கிறது. ஒட்டகம் மேயும் இடத்தை எந்த வரைபட நிறுவனம் மேய்ச்சல் நிலம் என்று குறிக்கும்?

‘இது தொழில்நுட்பச் சிக்கல், இதில் அரசியல் எங்கே வந்தது’ என்று கேட்பவர்கள் உண்டு. நாள் முழுதும் நகரும் நீரை எப்படி ஒரு கோட்டில் வரைவது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலுமிகள் பயன்படுத்தும் கடல்வழி வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் அவற்றை வெளியிடுவது தேசிய நீர்ப்பரப்பு வரைவு அலுவலகம். (கடலே எட்டாத டேராடூனில் இருக்கிறது அந்த அலுவலகம் என்பது வேறு கதை.) அந்த வரைபடத்தில் நிலம் மஞ்சள் சாயலில் இருக்கும். ஆழமற்ற நீர் நீலம், ஆழ்கடல் வெள்ளை. நீர் வற்றினால் வெளிப்படும் பரப்புக்கோ தனியாகப் பச்சை. அது எவ்வளவு உயரம் வெளியே தெரியும் என்பது அடிக்கோடிட்ட எண்ணால் எழுதப்பட்டிருக்கும். ஆழங்கள் அனைத்தும் மிகத் தாழ்ந்த வற்றத்தின் நீர்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். ஏன் இத்தனை அக்கறை? அங்கே ஏறினால் கப்பல் தரைதட்டும். சரக்கும் காப்பீட்டுப் பணமும் போய்விடும். முதலாளியின் கப்பலுக்கு ஆபத்து என்றால் சேற்றுவெளிக்குத் தனி நிறம் உண்டு. அதே சேற்றில் நடந்துபோகும் மீனவப் பெண்ணுக்காக அந்த நிறத்தைக் கைப்பேசி வரைபடத்திற்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. தெரியாமல் விடுபட்டது என்று இதைச் சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் படம் பொய் சொல்லாது என்று நம்புவோரும் உண்டு. படம் பொய் சொல்வதில்லைதான். ஆனால் அது எப்போது கண்ணைத் திறந்து பார்க்கிறது என்பதைப் பொறுத்தது அது சொல்லும் உண்மை. நிலப்பரப்பைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் ஓர் இடத்தைக் கடப்பது எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில், காலை பத்தரை மணி வாக்கில். வெளிச்சம் சீராக இருக்கும், மேகம் அதிகம் திரண்டிருக்காது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஓதத்திற்கோ வேறு கணக்கு. மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் உச்சமாக ஏறுவது நண்பகலை ஒட்டி. முழுமையாக வற்றுவது காலையிலும் மாலையிலும் ஆறு, ஏழு மணி வாக்கில். பத்தரை மணிக்கு மேலே வரும் செயற்கைக்கோள் அந்நாட்களில் காண்பது ஏறிக்கொண்டிருக்கும் நீரை. அட்டமி நாட்களில் நண்பகலை ஒட்டி நீர் வற்றும், ஆனால் அரைகுறையாக. ஆக, அதிகபட்ச வற்றத்தில் திறக்கும் சேற்றுவெளியின் வெளிவிளிம்பை, எத்தனை ஆண்டு படமெடுத்தாலும் அந்தச் செயற்கைக்கோள் காணப்போவதில்லை. இதை ஆழ அளவீடும் நேரடிக் களஆய்வும்தான் ஈடுசெய்ய முடியும். வாழ்நாளெல்லாம் அந்த விளிம்பில் நின்றவர்களிடம் கேட்பது இன்னும் எளிது.

முடியாத வேலை என்பதும் பொய். 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள் படங்களை அடுக்கி உலகின் ஓதச் சமவெளிகளை வரைந்து காட்டியது. குறைந்தபட்சம் 1,27,921 சதுர கிலோமீட்டர். போதிய தரவு கிடைத்த பகுதிகளில் 1984க்கும் 2016க்கும் இடையே சுமார் 16 சதவீதம் அழிந்திருந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்களால் முடிந்தது, கோடிக்கணக்கான மக்களின் நடமாட்டத்தைத் தரவாக்கி விற்கும் பெருநிறுவனங்களால் முடியாதாம்! கடைக்கும் விடுதிக்கும் வழிகாட்டுவதில் விளம்பர வருமானம் இருக்கிறது. சேற்றுவெளியில் விளம்பரம் செய்ய யார் இருக்கிறார்கள்?

கைப்பேசி வரைபடத்தின் குறைபாடு அறியாமையை வளர்க்கிறது. அரசின் வரைபடம் நேரடியாக வாழ்வாதாரத்தைப் பறிக்கிறது. 1991இல் முதன்முதலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு, 2011இல் புதிதாக்கப்பட்டு, 2019 ஜனவரியில் மோடி அரசால் அடியோடு மாற்றப்பட்டது. இந்த அறிவிக்கைகள் அனைத்தும் ஒரே ஒரு கோட்டின் மீது நிற்கின்றன: அமாவாசை, பௌர்ணமிப் பெரு ஏற்றத்தில் நீர் எட்டும் உயர் ஓதக் கோடு. அதிலிருந்துதான் தடை, அனுமதி எல்லாம் அளக்கப்படுகின்றன. 2019 அறிவிக்கை என்ன செய்தது? 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடலோரங்களில், கட்டுமானத் தடைப்பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கழிமுகங்களையும் ஓடைகளையும் ஒட்டிய 100 மீட்டர் கட்டுப்பாட்டையும் 50 ஆக்கியது. பேரிடர் அபாயக் கோட்டை ஒழுங்குமுறையிலிருந்தே கழற்றிவிட்டது.

சேற்றுவெளி பற்றி அது சொல்வதுதான் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியது. ‘உயிரியல் செயல்பாடுள்ள சேற்றுவெளி’ அலையாத்திக் காடு, பவளப்பாறை ஆகியவற்றோடு சேர்ந்து அதிகபட்சப் பாதுகாப்புடைய முதல் வகையின் முதல் பிரிவில் வருகிறது. வெறும் ஓதப்பரப்பு இரண்டாம் பிரிவில் வருகிறது. அங்கே துறைமுகம், படகுத்துறை, கடற்பாலம் போன்றவற்றுக்காகத் தூர்க்கலாம். ஆக, ஒரு சேற்றுவெளி உயிருள்ளதா, வெற்றானதா என்று வரைபடத்தில் எழுதும் கைதான் அதன் விதியை எழுதுகிறது. சேற்றில் உயிர் இல்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்? அந்தச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் எண்ணூர், பழவேற்காட்டு இருளர் மக்களிடம் எந்த அலுவலர் போய்க் கேட்டார்?

பிறகு அளவுத்திட்டம். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் 1:25,000 என்ற அளவில் வரையப்படுகின்றன. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 50 மீட்டர் தடைப்பகுதி முழுவதும் இரண்டு மில்லிமீட்டர். ஒரு தடித்த கோட்டுக்குள் ஒரு குடும்பத்தின் வலை உலர்த்தும் இடம் மறைந்துவிடும். இதனால்தான் ஊர்மட்ட வரைபடம் 1:3,960 அளவில், புல எண் தெரியும்படி வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்த அளவில் அதே 50 மீட்டர் பன்னிரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். மீனவ ஊர்கள், அவர்களின் பொதுவிடங்கள், மீன் உலர்த்தும் தளங்கள், நீண்டகால வீட்டுத் தேவை எல்லாம் குறிக்கப்பட வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. நடைமுறை என்ன? 2023இல் தமிழ்நாட்டின் வரைவுத் திட்டம் வெளியானபோது, இவையெல்லாம் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது. கடலின் நிலை ஒருபுறம் இருக்கட்டும், கரையில் காலங்காலமாக நிற்கும் ஊரே விடுபடுகிறது!

அரசுக்குக் கண் தெரியாமல் இல்லை. பல பத்தாண்டுகளாக இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அண்மையில் உள்துறை அமைச்சகம் அதை 11,098 கிலோமீட்டர் என்று திருத்தியது. கடல் வளரவில்லை. முன்பு 1:45,00,000 அளவிலான வரைபடத்தில் அளந்ததை இப்போது 1:2,50,000 அளவில் அளந்திருக்கிறார்கள்; ஓடைகளும் கழிமுகங்களும் கணக்கில் வந்துவிட்டன. மேற்கு வங்கத்தின் கரை 157 கிலோமீட்டரிலிருந்து 721 ஆனது. குஜராத்தின் கரை 1,214இலிருந்து 2,340 ஆனது. எல்லைக் காவல் என்று வந்தால் ஒவ்வோர் ஓடையும் தெரிகிறது. அதே ஓடையில் வலை வீசுபவரின் உரிமையைப் பதிவுசெய்ய வேண்டுமென்றால் வரைபடம் மங்கிவிடுகிறது.

எண்ணூரில் நடந்தது மங்கல் அல்ல, மறைவு. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடலோரத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமும் அதன் ஓதப்பரப்பும் இருந்தன. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்ட வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பைக் காணவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சமூக ஆர்வலர்கள் வெளியிட்டபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தக் கழியில் தினமும் இறங்கிக்கொண்டிருந்த மீனவர்களின் கண்முன்னே, தாளில் அது நிலமாகிவிட்டிருந்தது. வாத்வனில் நிலம் நீலமாகக் காட்டப்படுகிறது, எண்ணூரில் நீர் நிலமாகக் காட்டப்பட்டது. திசை எதுவானாலும் ஆதாயம் அடைந்த தரப்பு ஒன்றே.

இவ்வளவு சொன்னதால் வரைபடமே நமக்குப் பகை என்று எவரும் கொள்ள வேண்டாம். அந்தப் போக்கு நம்மிடமும் சிலரிடம் தென்படுகிறது, அது தவறு. முந்த்ராவில் அதானி குழுமத் துறைமுகத்தின் பாதிப்புகளை ஆராய 2012இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுனிதா நாராயண் தலைமையில் குழு அமைத்தது. போச்சா தீவில் 75 ஹெக்டேர் அலையாத்தி அழிந்திருப்பதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுத்தான் அக்குழு 2013 அறிக்கையில் நிறுவியது. சீரமைப்புக்கு 200 கோடி ரூபாய் அல்லது திட்டச் செலவில் ஒரு சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதை நிறுவனம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. காண்ட்லா பகுதியில் உப்பளக் குத்தகைதாரர்கள் ஓடைகளை அடைத்து அலையாத்தியைச் சாகடித்ததற்கு எதிராகக் கட்ச் ஒட்டக வளர்ப்போர் சங்கம் பசுமைத் தீர்ப்பாயம் சென்றது. அடைப்புகளை நீக்கி நீரோட்டத்தை மீட்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. படம் யார் கையில் இருக்கிறது, யாருக்காகப் படிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

2021 பிப்ரவரியில் புவிசார் தரவு விதிகளைத் தளர்த்தி, 2022 இறுதியில் தேசிய புவிசார் கொள்கையையும் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. நிலஅளவைத் துறை மக்கள் வரிப்பணத்தில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த திறன், தனியார் நிறுவனங்களின் சந்தைச் சரக்காக்கப்படுகிறது. தளர்வு என்ற சொல்லுக்கு மக்கள் ஏமாறலாம். மீனவ ஊராட்சிக்குத் தன் கரையின் துல்லியமான வரைபடம் தமிழிலோ மராத்தியிலோ குஜராத்தியிலோ இலவசமாகக் கிடைத்ததா என்று கேட்டுப்பார்த்தால் தளர்ந்தது யாருக்கு என்பது விளங்கும்.

துறைமுகத் தொழிற்சங்கத்தில் பணியாற்றும் தோழர்கள் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள். துறைமுகம் வந்தால் வேலை வருமே, நாம் வளர்ச்சிக்கு எதிரிகளா? இதை ஒதுக்கிவிடக் கூடாது. நாம் துறைமுகங்களுக்கு எதிரிகள் அல்ல. பொதுத்துறைத் துறைமுகங்களைக் காக்கப் போராடுகிறவர்கள். ஆனால் புதிய துறைமுகங்களில் வரும் வேலை எத்தகையது என்பதை அதே தோழர்கள்தான் நன்கு அறிவார்கள்: இயந்திரமயம், ஒப்பந்தம், சங்கம் வைக்கும் உரிமை மறுப்பு. சேற்றுவெளியில் ஆண்டு முழுவதும் தன் கையால் பிழைத்த ஒருவர், அதே இடத்தில் எழும்பும் மதிலுக்கு வெளியே ஒப்பந்தக் காவலாளியாக நிற்பதை வேலைவாய்ப்பு என்று நாம் ஒப்புக்கொள்ளலாமா? எப்படி இருந்தாலும், எதை இழக்கிறோம் என்று தாளில் எழுதாமல் எதைப் பெறுகிறோம் என்று கணக்குப் போட முடியாது. தஹானு வட்டச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் 1998இல் இதே வாத்வனில் துறைமுகம் கூடாது என்றது. 2023 ஜூலையில் அதே ஆணையம் இசைவு தந்தது. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஓதம் மாறவில்லை, பாறைத்தளமும் நகரவில்லை. ஆட்சியின் வர்க்கச் சார்பு எந்த அளவுக்கு வெளிப்படையாகிவிட்டது என்பதைத்தான் இந்த மாற்றம் காட்டுகிறது.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, ஊர்மட்ட வரைபடம் அந்தந்த மொழியில் கிராம சபையில் வைக்கப்பட்டு, ஓதப்பரப்பின் பயன்பாடு பதிவான பின்னரே எந்தக் கடலோரத் திட்டமும் பரிசீலிக்கப்பட வேண்டும். இரண்டாவது, தூர்ப்பதையும் கையகப்படுத்தலாகக் கருதி, 2013 சட்டத்தின் மறுவாழ்வு உரிமை பகடியா மீனவருக்கும் சிப்பி எடுக்கும் பெண்களுக்கும் நீள வேண்டும். மூன்றாவது, 2006இல் இடதுசாரிகளின் அழுத்தத்தோடு வந்த வன உரிமைச் சட்டத்தைப் போல, கடலோரப் பொதுவிடங்கள் மீதான மீனவர் உரிமையை அங்கீகரிக்கும் சட்டம் வேண்டும். மூன்றுமே நாடாளுமன்றத்திலும் தெருவிலும் நீண்ட காலம் போராட வேண்டியவை.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த 30 நாட்களுக்குள் ஓர் அமாவாசையும் ஒரு பௌர்ணமியும் வந்துவிடும். அந்த நாட்களின் வற்றத்தில் கடலோரக் கிளைத் தோழர்கள் மீனவ மக்களோடு இறங்கி நடக்கட்டும். வலைக்கம்பு நிற்கும் இடம், சிப்பிப் படுகை, நண்டு வளை, படகு இழுக்கும் தடம் ஒவ்வொன்றையும் கைப்பேசியின் இடங்காட்டியில் குறித்து, தேதியும் நேரமும் தெரியப் படமெடுக்கட்டும். தன்னார்வலர்கள் திறந்த உரிமத்தில் உருவாக்கும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடத்தில் ஓதச் சேற்றுவெளிக்கென்று தனி வகைப்பாடு இருக்கிறது. யாரும் சேர்க்கலாம், கட்டணம் இல்லை. அதே பதிவைத் தாளில் அச்சிட்டு, ஊரார் கையொப்பத்துடன் பொது விசாரணையில் அலுவலரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான சான்று வாங்க வேண்டும். வற்றம் எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் நடக்கலாம், எந்த இடத்தில் கால் புதையும் என்பதையெல்லாம் கூடையோடு போகும் பெண்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.